மணலா? கல்லா?

வீடு கட்டுவோர் முதலில் தரையைப் பார்ப்பர். கூரையைப் பின்னர்ப் பார்ப்பர். மீன் தொட்டி வைப்போரோ மீனை முதலில் வாங்கி, விளக்கை அடுத்து வாங்கி, தரையைக் கடைசியில் நினைப்பர். நாங்களும் அவ்வாறு செய்தவர்களே. அதனால் சில சிற்றுயிர்களை இழந்தோம். ஒரு பாடத்தையும் பெற்றோம். அப்பாடம் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் எனக் கருதி, இவ்வாண்டு மலரில் அதனை எழுதுகின்றோம்.

சென்ற ஆண்டு, எங்கள் தாமானை விட்டு வேற்றூருக்குக் குடிபெயர்ந்த அண்டை வீட்டார், தங்களிடமிருந்த கண்ணாடித் தொட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்துச் சென்றனர். அதன் நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 30. விளிம்பு வரை நிரப்பினால் 54 லிட்டர் நீர் கொள்ளும். எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அன்று முதல் உறக்கமில்லை. நான்காம் ஆண்டில் பயிலும் மகன், "அடியில் நீலக் கல் போடுவோம், அப்பா" என்றான். ஆறாம் ஆண்டில் பயிலும் மகள், "ஆற்றில் இருப்பது போல் மணல்தான் வேண்டும்" என்றாள். இருவருக்கும் வழக்கு முற்றியது. தீர்ப்புக் கூற வேண்டிய நாங்களோ இரண்டையும் பற்றி ஒன்றும் அறியாதவர்களாக இருந்தோம்.

வீட்டில் ஐந்தாமவர் எங்கள் தந்தையார். கிந்தா ஆற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, பின்னர்ச் செம்பனைக் குலை அறுத்து முதுமை அடைந்தவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்கென விற்கப்பட்ட பின், லயன் வீட்டை விட்டு எங்களோடு தாமானுக்கு வந்தார். வந்த நாள் முதல் பேச்சுக் குறைந்து போயிற்று. காலையில் வாசலில் நாற்காலியிட்டு அமர்வார். வெயில் ஏறினால் உள்ளே வருவார். தொட்டி வழக்கு நடந்தபோதும் அங்கேதான் அமர்ந்திருந்தார்.

மணலுக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்வோம். மண்ணியல் அறிஞர்கள், 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மணிகளை மணல் என்றும், அதற்கு மேற்பட்டு 64 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றைச் சரளைக்கல் என்றும் வகுத்துள்ளனர். மீன் தொட்டிக்கென விற்கப்படும் பொடிக்கல் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

கல்லுக்குச் சில நன்மைகள் உண்டு. கற்களிடையே நீர் தடையின்றி ஓடும். துப்புரவுக் குழாயை அடிவரை செலுத்தி அழுக்கை உறிஞ்சலாம். கல் கனமானதாகையால் குழாயோடு மேலேறி வாராது. முற்காலத்தில், 1970களிலும் 1980களிலும், பலர் தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டொன்றை வைத்து, அதன் மேல் கல்லைப் பரப்பி, காற்றுக் குழாயின் வழியே நீரை மேலேற்றி வடிகட்டினர். நீர் கற்களின் ஊடே கீழிறங்கும்போது, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கிலுள்ள நஞ்சை மாற்றிவிடும். மணலாயின் துளைகளை அடைத்துவிடும். ஆகையால் அக்காலத்துத் தொட்டிகளில் கல்லே ஆட்சி செய்தது. எங்களுக்கு ஆலோசனை கூறிய கடைக்காரரும், "கல்லே எளிது, கழுவினால் போதும்" என்றார்.

நாங்கள் அதனை ஏற்றோம். நீலம் வேண்டாம் என்று மகனுக்குச் சமாதானம் கூறி, வெண்ணிறச் சில்லுக்கற்களை வாங்கிப் பரப்பினோம். தொட்டி முத்துப் பதித்தது போல் விளங்கிற்று. மறுநாளே மீன்களையும் வாங்கினோம். செம்பு நிற உடலில் கருமுக்கோணம் தாங்கிய ரஸ்போரா மீன் ஆறு. மஞ்சளும் கருமையும் பட்டை பட்டையாக அமைந்து, சிறு பாம்பு போல் நெளியும் குளி மீன் ஐந்து. ரஸ்போரா நீரின் நடுப்பகுதியில் கூட்டமாக நீந்தும். குளி மீன் அடியிலேயே வாழும். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும். முழு வளர்ச்சியில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளும்.

ஐந்தாம் நாள் ஒரு ரஸ்போரா மிதந்தது. ஒன்பதாம் நாளுக்குள் மூன்று போயின. நீரை மாற்றினோம், காரணம் புரியவில்லை. பின்னரே நூல்களைப் பார்த்துத் தெளிந்தோம். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனைக் கொல்லக்கூடியவை. மூன்றாவது, அளவு மிகாதவரை பெருந்தீங்கு செய்யாது. இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாங்கள் ஒரு நாள் கூடப் பொறுக்கவில்லை. இதில் கல்லின் மேல் பழியில்லை. பழி எங்கள் அவசரத்தின் மேலதே. இரையும் மிகுதியாக இட்டோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆற்றுக்கே அளவு வேண்டுமெனில், 54 லிட்டர்த் தொட்டிக்கு எத்துணை அளவு வேண்டும்!

இரையைக் குறைத்தோம், நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றினோம். குழாய் நீரை உடனே ஊற்றாமல், குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்து ஊற்றினோம். எஞ்சிய ரஸ்போராக்கள் தேறின. ஆயினும் குளி மீன்கள் தேறவில்லை. அவற்றின் வாயைச் சுற்றி மீசைபோல் மெல்லிய இழைகள் உண்டு. இருளில் இரையைத் தடவி அறிவதற்கு அவையே கை, அவையே கண். அவ்விழைகள் நாளுக்கு நாள் குட்டையாகி வந்தன. சில்லுக்கற்களின் கூரிய விளிம்பில் உரசித் தேய்கின்றன என்பது எங்களுக்கு விளங்கவில்லை. கற்களின் இடுக்கில் விழுந்த இரையோ அவற்றுக்கு எட்டாமல் அங்கேயே அழுகிற்று.

நான்காம் வாரத்தில் ஒரு காலை, எங்கள் மகள் தொட்டியின் முன் அழுதுகொண்டு நின்றாள். குளி மீன் ஒன்று இரு கற்களுக்கிடையே தலையை நுழைத்தபடி இறந்து கிடந்தது. "ஒளிய இடம் தேடியிருக்கும், அப்பா" என்றாள். அன்று அவள் பசியாறவில்லை.

அப்பொழுதுதான் எங்கள் தந்தையார் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். இறந்த மீனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது கல்லில் பிழைக்கும் மீன் அன்று. சிறு வயதில், காட்டோரத்து ஓடையில் கூடையை இட்டு அள்ளினால், இலைக் குப்பையோடும் மணலோடும் இதுதான் வரும். கையை விட்டால் அடுத்த நொடி மணலுக்குள் புகுந்துவிடும். என் அம்மா இதை அயிரை என்பார்கள்."

"முன்பே சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"கேட்டால்தானே தம்பி சொல்வது" என்றார் அவர். குரலில் கோபமில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

நாங்கள் நாணினோம். கடைக்காரரைக் கேட்டோம், நண்பர்களைக் கேட்டோம், நூல்களைப் பார்த்தோம். அம்மீன் வாழ்ந்த ஓடையிலேயே கால் நனைத்து வளர்ந்தவர் பத்தடித் தொலைவில் அமர்ந்திருந்தார், அவரைக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டு அயிரையும் நம் நாட்டுக் குளி மீனும் ஒரே மீன் அல்ல. எனினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அயிரையைச் சங்கப் பாடல்களும் குறிப்பிடுகின்றன. அயிர் என்னும் சொல்லுக்கு நுண்மணல் என்று அகராதி பொருள் கூறும். பெயரின் அருகிலேயே மணலை வைத்திருக்கும் மீனின் உறவுக்கு, நாங்கள் கல்லை விரித்திருந்தோம்.

தந்தையார் அடுத்துக் கேட்ட கேள்வி, "இந்தக் கல் எந்த மலைக் கல்?" என்பது. ஈப்போவிலிருந்து கோப்பெங், கம்பார் வரை நம் கிந்தா வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள் எழுந்து நிற்பதை யாவரும் அறிவோம். அறிவியல் பாடத்தில் அமிலம், காரம் பற்றிப் படித்திருந்த மகள், சமையலறையிலிருந்து சூக்கா எனப்படும் காடியைக் கொண்டுவந்து ஒரு கல்லின் மேல் சில சொட்டு விட்டாள். கல் நுரைத்தது. சுண்ணாம்புக்கல் அமிலத்தோடு கலந்தால் கரியமில வாயு வெளிப்படும், அதுவே அந்நுரை. இத்தகைய கல் நீரில் மெல்ல மெல்லக் கரைந்து, நீரைக் கடினமாக்கும். காரத் தன்மையையும் ஏற்றும். நாங்கள் வளர்த்த இருவகை மீன்களுமோ, இலைச்சாறு ஊறித் தேநீர் நிறம் கொண்ட, மென்மையான, சற்றே அமிலத் தன்மை வாய்ந்த காட்டு நீருக்கு உரியவை. அழகு கருதி வாங்கிய கல் இரு வகையிலும் பகையாய் அமைந்தது.

மணல் என்று முடிவாயிற்று. எந்த மணல் என்பது அடுத்த கேள்வி. மகன் கடற்கரை மணல் என்றான். அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும்; கிளிஞ்சலும் சுண்ணாம்பே. தந்தையார் பழைய ஈயச் சுரங்கத்து மணலை நினைத்தார். கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஈய நிலம். பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங் வழியில், 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் ஒன்று பாதுகாக்கப்பட்டு நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஈயத்தைக் கழுவி எடுத்தபின் ஒதுக்கப்பட்ட மணல் பெரும்பாலும் படிகக்கல் மணலே. காடி விட்டால் நுரைக்காது. ஆயினும் ஈயத் தாதோடு ஆர்சனிக் முதலிய நச்சுப் பொருள்களும் சில இடங்களில் சேர்ந்திருக்கும் என்பதால் அதனை விலக்கினோம். செம்பனைத் தோட்டத்து ஓடை மணலில் புல்லுக்கு அடிக்கும் மருந்து கலந்திருக்கக்கூடும் என்று தந்தையாரே விலக்கினார். முடிவில், வீட்டுக் குடிநீர் வடிகட்டிகளில் இடப்படும் கழுவிய சிலிக்கா மணலை வாங்கினோம். அதன் மணிகள் நுண்மையாகவும் உருண்டையாகவும் இருந்தன. காடி விட்டோம், நுரைக்கவில்லை.

எவ்வளவு மணல் வேண்டும் என்பதை மகன் கணக்கிட்டான். நீளம் 60, அகலம் 30, மணலின் உயரம் 3 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 5,400 கன சென்டிமீட்டர்; அதாவது 5.4 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோகிராம் எனக் கொண்டால், 9 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் பாடம் தொட்டிக்குள்ளும் வரும் என்பதை அவன் அன்று அறிந்தான்.

மணலைக் கழுவும் பணியைத் தந்தையார் ஏற்றுக்கொண்டார். வாசலில் வாளியை வைத்து, அரிசி களைவது போல் அலசி அலசி, கலங்கல் நீரைக் கொட்டினார். பன்னிரண்டாம் முறை நீர் தெளிந்தது. "போதும் தாத்தா" என்றான் பேரன். அவர் மேலும் ஒரு முறை அலசினார். "கையில் மண் பட்டு எத்தனை நாளாயிற்று" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

மீன்களைப் பழைய நீரோடு வாளியில் விட்டு, கற்களை நீக்கி, மணலைப் பரப்பினோம். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவவில்லை; கழுவினால் அதில் குடியேறிய நுண்ணுயிர்கள் மடியும். கற்களோடு ஒரு பகுதி நுண்ணுயிர்களை வெளியேற்றிவிட்டோமாகையால், அடுத்த சில நாள்களுக்கு இரையை மிகவும் குறைத்து, நீரைச் சிறிது சிறிதாக மாற்றினோம். மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் நீரை மெல்ல ஊற்றினோம். இல்லையேல் மணல் கிளம்பித் தொட்டி கலங்கிவிடும்.

எஞ்சிய நான்கு குளி மீன்களையும் விட்டோம். அடியைத் தொட்ட கணத்தில் ஒன்று தலையை அசைத்து மணலுக்குள் புகுந்தது. மற்றவையும் தொடர்ந்தன. சற்று நேரத்தில் மணலுக்கு மேல் சிறு கருமணிகள் போல் கண்கள் மட்டும் தெரிந்தன. மகள் நீண்ட நாளுக்குப் பின் சிரித்தாள். மகனோ, "மீனையே காணவில்லையே!" என்று வருந்தினான். "இருட்டட்டும், ஐயா" என்றார் தாத்தா. இரவு விளக்கை அணைத்துக் காத்திருந்தோம். நான்கும் வெளிவந்து, மணலை வாயால் அள்ளி, செவுள் வழியே உதிர்த்து, இரையைப் பொறுக்கின. தேய்ந்த மீசைகளும் சில வாரங்களில் மெல்ல வளரலாயின.

மணலுக்கும் குறைகள் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே கிடந்து கண்ணை உறுத்தும். துப்புரவுக் குழாயை மணலில் செருகாமல், இரண்டு விரல் உயரத்தில் பிடித்து உறிஞ்ச வேண்டும். நீரேற்றியின் வாய் மணலுக்கு அருகில் இருந்தால் மணல் புகுந்து பொறி பழுதாகும். மணலை ஆழமாக இட்டுக் கிளறாமல் விட்டால், காற்றுப் புகாத இடங்களில் கறுப்புத் திட்டுகள் தோன்றி, அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சு வாயு உண்டாகும். ஆகவேதான் 3 சென்டிமீட்டரோடு நிறுத்தினோம். வாரம் ஒரு முறை விரலால் மெல்லக் கிளறுகின்றோம். மீன் வளர்ப்போர் மலேசிய எக்காள நத்தை என்று அழைக்கும் சிறு நத்தை, மணலுக்குள் புகுந்து ஊர்ந்து இப்பணியைத் தானே செய்யும். இரை மிகுந்தால் அதுவும் மிகும். அளவு அங்கும் வேண்டும்.

துப்புரவுக்கு ஒரு பண்டாராயா மீனை வாங்குங்கள் என்று சிலர் எங்களுக்குக் கூறினர். அம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். சிறு தொட்டிக்கு ஆகாது. வளர்ந்ததும் பலர் ஆற்றில் விட்டதனால், தென்னமெரிக்காவில் தோன்றிய அம்மீன் நம் நாட்டு ஆறுகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகியுள்ளது. தொட்டி மீன் எதனையும் ஆற்றிலோ குட்டையிலோ விடுதல் கூடாது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, மணலா கல்லா என்று எங்களைக் கேட்போர்க்கு நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றே: தரையில் வாழப்போவது யார்? நடுநீரில் நீந்தும் ரஸ்போராவுக்கும், மேல்நீரில் திரியும் கப்பி மீனுக்கும், விளிம்பு மழுங்கிய கல்லும் தகும், மணலும் தகும். தங்கமீன் அடியைக் கிளறி வாயில் அள்ளும் இயல்புடையது. இடைப்பட்ட பருமனுள்ள கல் அதன் வாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். அதற்கு மணல் நன்று. அல்லது வாய் கொள்ளாத பெருங்கல் நன்று. மீசையால் தடவி உண்ணும் மீனுக்கும் மணலில் புதையும் மீனுக்கும் மணலே வீடு. எந்தக் கல்லாயினும் மணலாயினும் காடி விட்டுப் பாருங்கள். மீன் வாங்குமுன் பொறுத்திருங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அழகானது, வாழ்பவர் உடலுக்கு நலமானதாக இருக்க வேண்டும் என்னும் நியதி இல்லை.

இப்பொழுது தந்தையாரின் நாற்காலி மாலை வேளைகளில் தொட்டிக்கருகில் இருக்கின்றது. ஞாயிறுதோறும் துப்புரவுக் குழாயைப் பிடிப்பவர் அவரே. வாளியைப் பிடிப்பவன் பேரன். ஓடையில் கூடையிட்ட கதைகளை அவர் சொல்ல, பேத்தி அவற்றை ஏட்டில் எழுதி வருகின்றாள்.

சென்ற மாதம் அவரிடம் சென்று, "அப்பா, இந்த வீட்டில் உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கும் சிமெண்டாக இருக்கிறது, தம்பி" என்றார். அடுத்த விடுமுறையில் வீட்டின் முன்புறத்துச் சிமெண்டுப் பூச்சில் ஆறடிக்கு மூன்றடி பெயர்த்து, செம்மண் கொட்டி, பாத்தி கட்டினோம். அதில் மிளகாயும் வெண்டையும் முளைத்திருக்கின்றன. இதை நாங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம், கேட்டிருந்தால் செய்திருப்போம்.